சக்களத்தி வண்டி

தலையணையை உயர்த்தி வைத்துவிட்டு, ஆறிய சூப்பை ஒரு கரண்டி எடுத்துக் கணவரின் வாயருகே கொண்டுபோனாள். அப்போதுதான் அவர் அதைச் சொன்னார்.

"அந்த வண்டிய வித்துடு."

கரண்டி அப்படியே நின்றது. கால்மாட்டில் துணி மடித்துக்கொண்டிருந்த மகள் தலையைத் தூக்கி அம்மாவைப் பார்த்தாள்.

இந்த ஒரு வார்த்தையைக் கேட்க அவள் தவம் கிடந்தது அந்தத் தெருவுக்கே தெரியும். போர்ட்டிகோவில் நிற்கும் அந்த இரண்டு சீட் காருக்கு அவள் வைத்த பெயர் சக்களத்தி. லிஃப்ட் மெக்கானிக்கான அவர், எங்கோ இடித்து நசுங்கிக் கிடந்ததை வாங்கி வந்து, சைலன்சர், சீட், ஸ்டியரிங் என்று ஒவ்வொன்றாகக் கழற்றி மாற்றினார். கம்பெனி கொடுத்ததில் மிச்சமிருப்பது நம்பர் பிளேட் மட்டும்தான் என்று மகள் கிண்டலடிப்பாள். அழகாக இருக்கும் என்று வண்டியைத் தரையோடு தரையாக இறக்கியும் விட்டார். அதன்பிறகு தெருமுனை வேகத்தடையைத் தாண்டுவதற்குள் அடிவயிறு தேய்ந்துபோகும் என்பதால் வெளியே எடுப்பதே அபூர்வமாகிவிட்டது. வீட்டுக்கு உழைக்கிற ஸ்கூட்டர் மழையில் நனையும். சக்களத்தி போர்வைக்குள் சுகமாகத் தூங்குவாள். ஒரே ஒரு முறை மகளின் காலேஜ் விழாவுக்குக் கணவனும் மனைவியுமாக அதில் போனார்கள். இறங்க முடியாமல் அவள் சீட்டுக்குள்ளேயே மாட்டிக்கொண்டாள். வாட்ச்மேன் கையைப் பிடித்து இழுத்துத்தான் வெளியே எடுத்தார். அன்றைக்குச் செய்த சத்தியம், அப்புறம் அவள் அந்த வண்டியில் கால் வைத்ததில்லை.

தினமும் காலையில் காபியைக் கையில் கொடுக்கும்போது "வித்துடலாம்ல?" என்பாள். "முடியாது," என்பார். கோபமெல்லாம் என்றைக்கோ தீர்ந்துபோயிருந்தது. ஆனாலும் ஒருநாள்கூட அவள் கேட்காமல் விட்டதில்லை, அவரும் பதில் சொல்லாமல் விட்டதில்லை.

இப்போது அவரே விற்கச் சொல்கிறார். இனிமேல் செய்வதற்கு ஒன்றுமில்லை, வீட்டுக்குக் கூட்டிப் போங்கள் என்று டாக்டர்கள் சொன்னபோதுகூட அவள் இப்படிப் பயப்படவில்லை. டாக்டர்களுக்கு இவருடைய பிடிவாதத்தைப் பற்றி என்ன தெரியும் என்றுதான் நினைத்திருந்தாள்.

"எதுக்குத் திடீர்னு?"

"நீதானே சொல்லிட்டே இருந்த."

"சொல்லிட்டே இருந்தேன். அதுக்காக விக்கச் சொன்னேனா?"

அம்மாவுக்கு என்ன ஆயிற்று என்பது போல மகள் பார்த்தாள். அவர் கண்ணை மூடிக்கொண்டார். அவள் நீட்டிய கரண்டியை வாங்கவில்லை.

வாங்குவதற்கு ஆள் தயாராக இருந்தது. பக்கத்துத் தெருப் பல் டாக்டருக்கு அந்த வண்டி மேல் ரொம்ப நாளாக ஒரு கண். இவருடைய கடைவாய்ப் பல்லை அடைக்கும்போது, வாய் முழுக்கப் பஞ்சை வைத்துவிட்டு "குடுத்துடறீங்களா?" என்று கேட்டவர். இவரும் வாயைத் திறந்து வைத்துக்கொண்டே வேகமாகத் தலையாட்டி மறுத்ததில், அடைத்தது பெயர்ந்து இன்னொரு நாள் போய் உட்கார வேண்டி வந்தது.

மகள் ஹாலில் போனில் பேசுவது அடுக்களைக்குக் கேட்டது. பேசி முடித்து வந்து நின்றாள்.

"சாயங்காலம் வர்றாராம். அப்பாவே சொல்லிட்டாரும்மா. எதுவும் பாக்கி இல்லன்னு அவருக்கும் மனசு லேசாகும்."

"லேசானா பறந்துடுவாருடி," என்றாள் அவள். கிண்ணத்தைத் தேய்த்த கை நிற்கவில்லை. "அவர இங்க பிடிச்சு வைக்க ஏதாவது ஒண்ணு கனமா இருக்கணும்."

கையைத் துடைத்துக்கொண்டு, ஆணியில் மாட்டியிருந்த சாவியை எடுத்தாள். மகள் கூப்பிட்டது காதில் விழுந்தும் நிற்கவில்லை. நேரே போர்ட்டிகோவுக்குப் போய்ப் போர்வையை உருவிக் கீழே போட்டாள்.

கண்ணாடிக் கடையில் அவளுக்கு லென்ஸ் பொருத்துகிற வேலை. கடை வேனையும் அவள்தான் ஓட்டுவாள். அதனால் வண்டி ஒன்றும் அவளுக்குப் புதிதில்லை. கூனிக்குறுகி உள்ளே இறங்கினாள், கியரை ஆட்டிப் பார்த்தாள், சாவியைத் திருப்பினாள். இரண்டு முறை இருமிவிட்டு இன்ஜின் பிடித்துக்கொண்டது.

இந்த இடத்தில் அவர் வைத்திருந்த சட்டம் ஒன்று உண்டு. இன்ஜின் சூடாகும்வரை யாரும் ஆக்சிலேட்டரைத் தொடக் கூடாது. "தூங்கி எழுந்தவன முதுகுல அடிச்சு ஓடச் சொல்லுவியா?" என்பார். தெரியாமல் ஒருதடவை மிதித்துவிட்ட சொந்தத் தம்பியோடு அந்த வருடம் முழுக்க, தீபாவளிக்குக்கூட முகம் கொடுத்துப் பேசவில்லை.

அவள் மிதித்தாள். சீட் நுனிக்குச் சறுக்கி, அடிவரைக்கும் மிதித்தாள்.

ஜன்னல் கண்ணாடியெல்லாம் அதிர்ந்தது. எதிர்வீட்டு அம்மா வாசலுக்கு ஓடிவந்தாள். வீட்டில் சாகக் கிடக்கிறவரை வைத்துக்கொண்டு இவளுக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்று நினைத்திருப்பாள். நினைத்துக்கொள்ளட்டும். காலை எடுத்துவிட்டு மறுபடி மிதித்தாள். படுக்கையறை இந்தச் சுவருக்கு அந்தப் பக்கம்தான். திட்டுங்க, எழுந்து உட்கார்ந்து திட்டுங்க என்று பல்லைக் கடித்துக்கொண்டு மிதித்தாள்.

மகள் ஓடிவந்து கண்ணாடியைத் தட்டினாள். "நிறுத்தும்மா. அப்பா கூப்பிடறாரு."

உள்ளே போனபோது தலையணை தரையில் கிடந்தது. ஒரு முழங்கையை ஊன்றி அவர் பாதி எழுந்திருந்தார். பல நாளாக வெளுத்துக் கிடந்த முகத்தில் ரத்தம் ஏறியிருந்தது.

"அறிவிருக்கா உனக்கு?" மூச்சு வாங்கியது. "ஆயில் மேல ஏறறதுக்குள்ள... அப்படி மிதிக்கற."

"விக்கப்போற வண்டிதானே. எப்படி மிதிச்சா என்ன?"

"யார் விக்கறா?"

"நீங்கதான். பல் டாக்டர் சாயங்காலம் வர்றார்."

"அவனா?" இன்னும் கொஞ்சம் எழப் பார்த்தார். "கிளட்ச் மேலயே கால வச்சு ஓட்டற பய. அவனுக்கா? முடியாது."

"முடியாதுன்னா?"

"முடியாதுன்னா முடியாதுதான்."

அவள் குனிந்து தலையணையை எடுத்தாள். எடுக்கத் தேவையானதைவிடக் கொஞ்சம் அதிக நேரம் குனிந்தே இருந்தாள். அப்புறம் அவரைச் சாய்த்துப் படுக்க வைத்து, சூப்பைச் சூடு பண்ணிக் கொண்டுவந்தாள். பாதிக் கிண்ணம் குடித்தார். நடுவில் "இன்னொரு தடவ இந்த மாதிரி மிதிச்ச..." என்று ஆரம்பித்து, முடிக்காமல் விட்டார். அவளுக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது.

மத்தியானம் தூங்கிப்போனார். அவள் அவர் மணிக்கட்டில் கையை வைத்து உட்கார்ந்திருந்தாள். ஒரு மூச்சு வந்தது. அடுத்த மூச்சுக்காக அவள் காத்திருந்தாள். வெளியே யாரோ காய்ந்த துணியை உதறும் சத்தம் கேட்டது. நெடுநேரம் காத்திருந்தபிறகுதான் மகளைக் கூப்பிட்டாள்.

சாயங்காலம் வந்த பல் டாக்டர் வாசலில் கூட்டத்தைப் பார்த்ததும் செருப்பைக் கழற்றிவிட்டு ஓரமாக நின்றார். வண்டிப் பேச்சை எடுக்கவில்லை. மறுநாளும் வந்தார். எல்லாம் முடிந்து திரும்பியபிறகு, கூடத்து நாற்காலிகளை மடித்து அடுக்க அவரும் கொழுந்தனோடு கைகொடுத்தார்.

அவள் தலை ஈரம் காயாமல் போர்ட்டிகோவுக்கு வந்தாள். மகள் படியில் உட்கார்ந்திருந்தாள். கொழுந்தன் கடைசி நாற்காலியைச் சுவரோரம் சாய்த்தார்.

"இத வித்துடலாம்," என்றாள் அவள், வண்டியைப் பார்த்து.

சொல்லிவிட்டு நின்றாள். எப்போதும் போலத்தான் சொன்னாள், எப்போதும் போலத்தான் நின்றாள்.

"சரிம்மா," என்றாள் மகள்.

"அண்ணி சொன்னா சரிதான்," என்றார் கொழுந்தன்.

"அவசரமில்லம்மா. நீங்க எப்பச் சொன்னாலும் எனக்குச் சரி," என்றார் பல் டாக்டர்.

அவள் ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். எல்லாரும் நல்லவர்கள், அவள் மேல் பிரியமானவர்கள். மறுத்துப் பேச ஒருவர்கூட இல்லை. இனி தினமும் காலையில் இந்த வீட்டில் அவள் எது சொன்னாலும் சரி என்றுதான் சொல்வார்கள்.

"முடியாது," என்றாள்.

"என்னம்மா?"

"முடியாதுன்னேன். விக்க முடியாது."

கதவைத் திறந்து உள்ளே இறங்கி, முதுகை நன்றாகச் சாய்த்து உட்கார்ந்தாள். இடது காலை நீட்டிப் பார்த்தாள். நுனிவிரல்கூட கிளட்சைத் தொடவில்லை. அவருடைய நீளக் காலுக்குத் தகுந்தாற்போல் சீட்டைப் பின்னால் தள்ளி போல்ட் போட்டு முறுக்கியிருந்தது. அடிச்சட்டத்தில் முன்பக்கமாக இன்னும் சில துளைகள் காலியாக இருந்தன.

"டாக்டர், உங்களுக்கு ஸ்பானர் பிடிக்கத் தெரியுமா?"

அவர் ஒரு நிமிடம் தயங்கினார். பிறகு சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு தரையில் மண்டியிட்டார். கொழுந்தன் கருவிப் பெட்டியைத் தூக்கி வந்து பக்கத்தில் வைத்தார். போல்ட் முரண்டு பிடித்தது. பல் பிடுங்குகிறவரின் பொறுமையோடு அவர் கொஞ்சம் கொஞ்சமாகத் திருகி ஒவ்வொன்றாக வெளியே எடுத்தார். சீட்டை அவளோடு சேர்த்து முன்னால் நகர்த்திவிட்டு நிமிர்ந்து பார்த்தார்.

"போதுமாம்மா?"

அவள் காலை நீட்டினாள்.

"இன்னும் கொஞ்சம் முன்னாடி," என்றாள்.