சத்தம் கூடாத சந்து

மாடத்தி மீன் கூடையோடு சந்துக்குள் திரும்பியதும் வாயை மூடிக்கொண்டாள். பஜார் முனை வரைக்கும் "மத்தீ... அயிலேய்..." என்று காயலுக்கு அக்கரை கேட்கக் கூவி வந்தவள், பாக்குக் கிடங்கின் மூலை தாண்டியதும் ஊமையானாள். அதற்குப் பிறகு கை ஜாடைதான். ஒற்றை விரலை நீட்டினால் மத்தி, உள்ளங்கையை விரித்தால் ஆவோலி. கணவாய்க்கு எப்படி ஜாடை காட்டுவது என்று அவளுக்குத் தெரியவில்லை. அதனால் நாலு மாதமாக அந்தச் சந்தில் யாரும் கணவாய் தின்னவில்லை.

ஏற்பாடு சிகாபுதீனுடையது. தம்பி கமாலுதீனை அடக்கம் செய்த வாரமே அவர் வீடு வீடாக ஏறி இறங்கினார். "குழந்தை பயந்து கிடக்குது. ஒச்சை வேண்டா கேட்டோ, சத்தமே கூடாது" என்று கும்பிட்டார். மட்டாஞ்சேரியில் ஒரு சந்து முழுக்க ஒரே பேச்சில் நின்றது அதுதான் முதல் தடவை. வீட்டுக்கு எதிர்க் கிடங்கில் சுமை தூக்கும் செல்லதுரையும் ஆட்களும் அரிசி மூட்டையைத் தொட்டிலில் பிள்ளையைக் கிடத்துவதுபோல் இறக்கினார்கள். சாயாக்கடையில் கிளாசில் கரண்டி தட்டுவது நின்றது. ஒரு சேவல் மட்டும் ஒத்துவரவில்லை. வெள்ளிக்கிழமை அதைக் குழம்பு வைத்துவிட்டார்கள்.

துறைமுகத்தில் அன்றைய வேலைக்கு ஒரு தகர வில்லை வேண்டும். ஆள் எடுக்கும் மூப்பன் ஒரு பிடி வில்லைகளை அள்ளிக் கூட்டத்துக்குள் வீசுவான். பிடித்தவனுக்கு வேலை, பிடிக்காதவனுக்குச் சிராய்ப்பு. கமாலுதீன் அந்தக் காலையில் நாலு வயது மகள் சபூராவைத் தோளில் ஏற்றிக்கொண்டு போயிருந்தான். அவளைச் சுவரோரம் நிறுத்திவிட்டுப் பாய்ந்தான். ஒரே வில்லையை இரண்டு கைகள் பிடித்தன. மற்றக் கைக்காரனிடம் மூட்டை தூக்கும் கொக்கி இருந்தது.

அன்றிலிருந்து சபூரா பேசவில்லை. கட்டிலுக்கு அடியில் வாழ்ந்தாள்.

கட்டிலுக்கு மேலே அவள் உம்மா ஜுமைலா இத்தா இருந்தாள். புருஷன் மவுத்தானால் நாலு மாதம் பத்து நாள் வெளியே இறங்கக்கூடாது. அந்நிய ஆண்கள் கண்ணில் படக்கூடாது. ஜன்னலில் சாக்குத் திரை தைத்தாகிவிட்டது. பார்க்க முடியாதவளுக்குக் கேட்க முடிந்ததாவது மிச்சமிருந்தது. செல்லதுரை மூட்டை எண்ணும் பாட்டை வைத்து அவள் நேரம் சொல்வாள். சாயாக்கடைச் சண்டையை வைத்துக் கிழமை சொல்வாள். ஊர் அதையும் கருணையோடு எடுத்துக்கொண்டது. இப்போது பகல் என்பது ஒரே நீளமான துணி. எங்கே பிடித்தாலும் நடுவில்தான் பிடித்த மாதிரி இருந்தது.

வந்து போகிறவர்களுக்குக் குறைவில்லை. ஓதிய தண்ணீர் வந்தது, கறுப்புக் கயிறு வந்தது, சுள்ளிக்கல் வைத்தியரின் லேகியம் வந்தது. லேகியத்தை எறும்பும் தொடவில்லை. வந்த பெண்கள் எல்லோரும் குனிந்து கட்டிலுக்கு அடியில் பார்த்தார்கள், உச்சுக் கொட்டினார்கள், இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்து போனார்கள். நிமிர்ந்த உயரத்தில் ஒருத்தி உட்கார்ந்திருந்தது யார் கண்ணிலும் படவில்லை.

பாலக்காட்டிலிருந்து வாரம் தவறாமல் வரும் சிகாபுதீன் அன்றும் வந்து திரைக்கு அப்பால் நின்றார். அரிசித் தரகர், அவருடைய குசுகுசு படகுத்துறை வரை கேட்கும்.

"ஜுமைலா, இத்தா முடிய இன்னும் ஒன்பது நாள். அதுக்குள்ளே பிள்ளை வாய் திறக்கலேன்னா நான் பாலக்காட்டுக்குக் கொண்டுபோறேன். அங்கே எட்டுப் பிள்ளைங்க இருக்கு. கூட்டத்திலே பேச்சு தன்னாலே வந்துடும். நீ உங்க உம்மா வீட்டுக்குப் போய் மனசை ஆத்திக்கோ."

அவர் கெட்டவரில்லை, அதுதான் சங்கடம். கெட்டவராக இருந்தால் மனசுக்குள் திட்டிக்கொண்டாவது பொழுதைப் போக்கலாம். அவர் போனதும் ஜுமைலா தரையில் படுத்துக் கட்டிலுக்கு அடியில் முகத்தை நீட்டினாள்.

"'பெரியத்தா'ன்னு ஒரு தடவை அவரைக் கூப்பிடு கண்ணு. ஒரே தடவை." மூச்சால்தான் சொன்னாள். குழந்தை அவளுடைய உதடுகளைப் பார்த்தது. பிறகு சுவரைப் பார்த்தது.

பின்வாசலில் மாடத்தி நின்று ஒற்றை விரலை நீட்டினாள். ஜுமைலா வேண்டாம் என்று தலையாட்டினாள். போகவேண்டியவள் போகாமல் கூடையை இறக்கிவிட்டுப் படியில் உட்கார்ந்து வாயைத் திறந்தாள்.

"ஏ புள்ளே, எப்பிடி இருக்கே?"

"அப்படியேதான் இருக்கா, அக்கா. ராத்திரி ரெண்டு வாய் கஞ்சி குடிச்சா."

"அவளை யாரு கேட்டா? நீ எப்பிடி இருக்கேன்னு கேக்கேன்."

ஜுமைலா திரும்பிப் பின்னால் பார்த்தாள். பின்னால் பானைதான் இருந்தது. வாயைத் திறந்தாள், காற்று வந்தது.

"என்ன சொன்னே? காதுலயே விழல."

"சத்தம் கூடாதுக்கா."

"எந்தக் கழுதை சொன்னான்?"

"மச்சான்."

"சரி, கழுதைய விடு." மாடத்தி வெற்றிலையை எச்சிலோடு ஒதுக்கினாள். "நீயே வாயக் கட்டிக்கிட்டுக் கெடந்தா அது யாரப் பாத்துப் பேசும்? மீனப் பாத்தா?"

ஜுமைலா சிரிக்கத்தான் நினைத்தாள். வந்தது வேறு.

"நான்தான் அனுப்புனேன்க்கா." குரல் துருப்பிடித்த கீல் மாதிரி இழுத்தது. "துவைக்க அவ்வளவு துணி கிடந்துச்சு. இவ காலைச் சுத்திச் சுத்தி நச்சரிச்சா. 'இந்தச் சனியனையும் தூக்கிட்டுப் போங்க'ன்னு நான்தான் சொன்னேன். அவர் சிரிச்சுக்கிட்டே தூக்கித் தோள்ல வச்சாரு. எம்புள்ளயச் சனியன்னு சொன்னேன்க்கா!"

கடைசி வரி கூரைக்குப் போய் முட்டியது. எதிர்க் கிடங்கில் செல்லதுரை தலையில் மூட்டையோடு அப்படியே நின்றான். பின்னால் வந்தவர்களும் வரிசையாக நின்றார்கள். ஜுமைலா வாசற்படியில் நெற்றியை வைத்து, நாலு மாதம் சேர்த்து வைத்ததையெல்லாம் அழுதாள். மாடத்தி 'அழாதே' என்று சொல்லவில்லை. மீன் கை என்பதால் முழங்கையால் அவள் முதுகைத் தடவினாள்.

கட்டிலுக்கு அடியில் ஏதோ உராய்ந்தது. சபூரா தவழ்ந்து வெளியே வந்தாள். தலையில் ஒட்டடை. உம்மாவின் மடியில் ஏறி, அவள் வாயை உள்ளங்கையால் மூடினாள்.

ஜுமைலாவின் அழுகை நின்றது. இது நிறுத்து என்கிற கையா, வேறு கையா என்று தெரியவில்லை. மாடத்தியைப் பார்த்தாள். மாடத்திக்கும் தெரியவில்லை.

"சபூரா," என்றாள் அந்தக் கைக்குள்ளேயே, முழுக் குரலில்.

குழந்தையின் விரல்கள் கூசின. ஆனால் எடுக்கவில்லை, இன்னும் அழுத்தியது. ஜுமைலா மறுபடியும் சொன்னாள். பெயர் சூடாகப் போய் உள்ளங்கையில் மோதியது.

குழந்தை கையை எடுத்து, வெளிச்சத்தில் விரித்து, தன் பெயர் பட்ட இடத்தைத் தேடுவதுபோல் வெகுநேரம் அதைப் பார்த்துக்கொண்டிருந்தது.