முப்பிடாதியம்மாளின் முப்பத்தொரு வசவுகள்

ஸ்ரீதேவியின் முதல் பாடல் வெளியான வெள்ளிக்கிழமை காலை ஐந்தே முக்காலுக்கு, அவள் அம்மா முப்பிடாதியம்மாளின் வாயிலிருந்து முப்பத்தொரு வசவுகள் காணாமல் போயின. அந்த வாரம் கொத்தமல்லிக் கட்டு பதினைந்து ரூபாய். ஹார்பர் லைனில் ஞாயிற்றுக்கிழமை மெகாபிளாக், ரயில் கிடையாது. தாராவியில் பொருள் தொலைவது புதிதல்ல. செருப்பு தொலையும், சிலிண்டர் தொலையும், ஒருமுறை முழு இரும்பு ஏணிப்படியே தொலைந்திருக்கிறது. வாய்க்குள் பத்திரமாக வைத்திருந்த சரக்கு தொலைந்தது அதுதான் முதல் தடவை.

அவர்கள் குடியிருந்த சந்தில் பதினெட்டு வீட்டுக்கு ஒரே குழாய். காலை ஐந்தரைக்குத் தண்ணீர் வரும், ஏழரைக்கு நின்றுவிடும். வரிசை குடங்களால் ஆனது போலத் தெரியும். உண்மையில் அதை நிர்ணயித்தது நாக்கு. நாங்குநேரிப் பக்கத்திலிருந்து கல்யாணமாகி வந்த முப்பிடாதியம்மாள் இருபத்தைந்து வருடமாக அந்த வரிசையின் முதல் ஆள். யாரையும் தொட்டதில்லை, ஆபாசமாக ஒரு வார்த்தை சொன்னதில்லை. அவளுடைய வசவுகள் ஆளுக்கு அளவெடுத்துத் தைத்தவை. கஞ்சத்தனம் பண்ணும் எதிர்வீட்டு முத்துமாரியிடம், “ஒன் வீட்டுக் கொசுகூட பக்கத்து வீட்டுல போயிதாம்ட்டி சாப்பிடுது” என்பாள். இடித்துக்கொண்டு நுழைபவளிடம், “நீ ஏறுனா ரயில்ல லேடீஸ் டப்பாவே எறங்கி அடுத்த வண்டிக்கு நிக்கும்” என்பாள். கேட்டவள் மறுநாள் பதிலோடு வருவதற்குள் இவள் மூன்று குடம் பிடித்துப் போயிருப்பாள்.

ஸ்ரீதேவிக்கு இருபத்துமூன்று வயது. வாஷியில் ஒரு மாலில் உதட்டுச்சாயம் விற்றுக்கொண்டிருந்தாள். மற்ற நேரத்தில் அவள், தாராவியின் தொண்ணூறு அடி ரோட்டைப் பேரில் சேர்த்துக்கொண்ட ‘தேவி தொண்ணூறு’ என்ற ராப் பாடகி. இரண்டு வருடம் இந்தியில் பாடிப் பார்த்தாள். அப்போது தாராவியில் இந்தி ராப் பாடுகிறவர்கள் இட்லி விற்கிறவர்களைவிட அதிகம் இருந்ததால் ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. ஒருநாள் காலையில் போர்வைக்குள் கிடந்தபடி அம்மா குழாயடியில் முழங்குவதைக் கேட்டவள், போனில் ரெக்கார்டரைப் போட்டுத் தகரக் கதவின் ஓட்டையில் சாய்த்து வைத்தாள். நாலு மாதம் அங்கேயே சாய்த்து வைத்தாள். செம்பூரில் தன் அப்பாவின் ஜெராக்ஸ் கடைக்கு மேல் பரணில் இசை செய்துகொண்டிருந்த நகுல், அதிலிருந்து பொறுக்கிய முப்பத்தொரு வசவுகளுக்குத் தாளம் போட்டான். ‘எடுட்டி கொடத்த’ என்று பெயர் வைத்தார்கள். வெளியிடுவதற்கான படிவத்தில் ‘வரிகளை எழுதியவர்’ என்றொரு கட்டம் இருந்தது.

“ஆன்ட்டி நேம் போடட்டா?” என்று நகுல் கேட்டான்.

“அம்மாக்கு எழுதவே தெரியாதுடா. அப்புறம் எப்படி எழுதியவர்?” என்று சொல்லித் தன் பெயரைப் போட்டாள் ஸ்ரீதேவி.

பெட்டியின் மேல் யார் பெயர் இருக்கிறதோ அவர் கிடங்குக்குத்தான் சரக்கு போகும் என்பது பைதூனிச் சந்தைக் கூலியாட்களுக்குக்கூடத் தெரியும். அவளுக்குத் தெரிந்திருக்கவில்லை.

வெள்ளிக்கிழமை காலை முத்துமாரி வேண்டுமென்றே தன் குடத்தைக் குழாய்க்கு நேரே வைத்தாள். முப்பிடாதியம்மாள் வாயைத் திறந்தாள். ரேஷன் கடையிலும் டாக்டரிடமும் பேசுவதற்காக ஒதுக்கி வைத்திருந்த சொற்கள் மட்டும்தான் உள்ளே மீதி இருந்தன. “கொஞ்சம் வழி விடுறீங்களாம்மா?” என்றாள். பதினேழு பெண்கள் பயந்து பின்வாங்கினார்கள். இவளுக்கு ஏதோ பெரிய வியாதி வந்துவிட்டது என்று வரிசையில் நின்ற முருகம்மாள் ஓடிப்போய்த் திருநீறு எடுத்து வந்தாள். சனிக்கிழமை பயம் தெளிந்தது. ஞாயிற்றுக்கிழமை முப்பிடாதியம்மாள் ஏழாவது ஆள், செவ்வாய்க்கிழமை பதினைந்தாவது. வியாழக்கிழமை அவள் முறை வந்தபோது குழாய் இரண்டு முறை இருமிவிட்டு நின்றது. அதற்குள் பாடலை நாலு லட்சம் பேர் கேட்டிருந்தார்கள். அடுத்த ஞாயிறு மாலை மாட்டுங்கா அரங்கில் தேவி தொண்ணூறுக்கு முதல் மேடை என்று போஸ்டரும் ஒட்டியாகிவிட்டது.

வேலை முடிந்து வந்த ஸ்ரீதேவி முகம் கழுவக் குடத்தைச் சாய்த்தாள். காற்றுதான் வந்தது. சந்தெல்லாம் அந்தப் பாட்டு ஓடக் கேட்டிருந்த அம்மா எழுந்து நின்று பாயைத் தட்டிப்போட்டாள்.

“வாங்க. உக்காருங்க. நீங்க எங்கிட்டருந்து எடுத்துக்கிட்டுப் போனதத் திருப்பித் தந்தீங்கன்னா ஒதவியா இருக்கும்.”

பெற்ற மகளை நீங்க என்றாள். பிறந்ததிலிருந்து மூதேவி என்பதைத் தவிர வேறு பெயரால் அழைக்கப்படாத ஸ்ரீதேவிக்கு, யாரோ தன்னை வாசலில் நிறுத்திச் செருப்பைக் கழற்றச் சொன்னது போலிருந்தது. குடத்தைக் கட்டிக்கொண்டு அழுதாள். தண்ணீர் வந்தது கண்ணிலிருந்து மட்டும்தான். பிறகு படிவத்தில் தன் பெயரைப் போட்டது ஞாபகம் வர, மூக்கை உறிஞ்சிக்கொண்டு நகுலுக்குப் போன் போட்டு, அந்தக் கட்டத்தில் முப்பிடாதியம்மாள் என்று மாற்றச் சொன்னாள்.

வெள்ளிக்கிழமை காலை ஐந்து முப்பத்தைந்துக்கு முப்பத்தொன்றும் வீடு திரும்பின. முத்துமாரி அன்று வாங்கியது ஒரு வாரத்துப் பாக்கியும் சேர்த்து. ஆறு மணிக்கு நகுல் அலறினான்: “அரே யார், வோக்கல் காயப்! சும்மா பீட் மட்டும் ஓடுது. நாலு லட்சம் பேர் போன் ரிப்பேர்னு நினைச்சுட்டு இருக்காங்க!” பெயரைத் திரும்ப மாற்றினால் அம்மா ஊமை, மாற்றாவிட்டால் ஞாயிற்றுக்கிழமை மேடையில் ஸ்ரீதேவி ஊமை. அவள் மாலுக்கு லீவு சொல்லிவிட்டு அம்மா எதிரில் உட்கார்ந்தாள்.

பேரம் மத்தியானம் வரை நடந்தது. வீட்டுக்குப் பதினாறு, தனக்குப் பதினைந்து என்று மகள் பிரிக்கப் பார்த்தாள். பல் செட்டைப் பாதியாக உடைத்து ஆளுக்கு ஒன்று மாட்டிக்கொள்வார்களா என்று கேட்டாள் அம்மா. வாரத்தில் மூன்று நாள் என்றாள் மகள். மீதி நாலு நாள் உன் நகுல் வந்து குளிப்பாட்டுவானா என்றாள் அம்மா. கடைசியில் முப்பிடாதியம்மாளே விலையைச் சொன்னாள்.

“தண்ணி வந்ததுலருந்து நிக்க வரைக்கும் எனக்கு. நின்னதுக்கப்புறம் எனக்கு எதுக்கு? நீ வச்சுக்கோ. பேரு ரெண்டு பேரு பேரும் இருக்கட்டும். ஆனா மூதேவிங்கிறத மட்டும் தரமாட்டேன். அது எங்கிட்டதான் கெடக்கும்.”

“எம்மா, பாட்டுல அதுதான் மெயின். நாலு எடத்துல வருது!”

“வந்துட்டுப் போவட்டும். ஒன்ன நான் வேற என்னன்னு கூப்புட?”

நகுல் இரண்டு பெயரையும் போட்டான். முப்பது வசவுகள் பாட்டுக்குள் போய் உட்கார்ந்தன. நாலு இடத்தில் மட்டும் ஒரு சொல் அளவுக்குப் பள்ளம் இருந்தது.

மாட்டுங்கா அரங்கில் எண்ணூறு பேர். முன்வரிசை ஆபீஸ் குடும்பங்கள் காதில் விரலோடு தயாராக இருந்தன. தாராவிக்காரர்கள் பின்னால் நாற்காலி மேல் ஏறி நின்றார்கள். கறுப்புக் கண்ணாடியோடு வந்த ஸ்ரீதேவி பிசகில்லாமல் அடித்துக்கொண்டு போனாள். முதல் பள்ளம் வந்தது. தாளம் நின்றது. அவள் வாயைத் திறந்தாள், காற்று. அப்போது மூன்றாவது வரிசையிலிருந்து, கல்யாணப் பட்டுச்சேலையில் முத்துமாரிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த முப்பிடாதியம்மாள் எழுந்தாள். “ஏட்டி மூதேவி!” என்றாள். மைக் வேண்டியிருக்கவில்லை. விளக்கு இரண்டு ஆடின. அடுத்த மூன்று பள்ளங்களையும் எண்ணூறு பேரும் சேர்ந்து நிரப்பினார்கள்; முன்வரிசை மாமி ஒருத்திதான் எல்லோரையும்விட அரை நொடி முந்தினாள் என்று இன்றும் சொல்கிறார்கள்.

இது நடந்து இரண்டு வருடமாகிறது. ஸ்ரீதேவி மால் வேலையை விட்டுவிட்டாள். குழாயடியை விடவில்லை, இரண்டாவது குடம் அவளுடையது. ‘எடுட்டி கொடத்த’ தினமும் தாராவி நேரப்படி காலை ஐந்தரை முதல் ஏழரை வரை உலகம் முழுவதும் வெறும் தாளமாகத்தான் ஓடுகிறது. ஆரம்பத்தில் புகார் எழுதியவர்கள் இப்போது எழுதுவதில்லை. கோலாலம்பூரில் ரயிலுக்கு நிற்கிற பெண்ணும், துபாயில் ஷிப்டு முடிந்து வருகிறவனும் காதில் அதை மாட்டிக்கொண்டு தலையாட்டியபடி காத்திருக்கிறார்கள். வார்த்தை வந்தால், தாராவியில் தண்ணீர் நின்றுவிட்டது என்று அர்த்தம். எட்டு மணியாகியும் வராவிட்டால், “இன்னைக்கு அங்க தண்ணி லேட் போல” என்று சொல்லிக்கொண்டு அடுத்த பாட்டுக்குப் போகிறார்கள்.