சிறப்பு வகுப்பில் ஒரு பெண்

“கல்யாணத்த இலையுதிர் காலத்துல வச்சுக்கலாம். ஆனா பொண்ணு அந்தக் கணக்கு வகுப்ப இன்னிக்கே நிறுத்தணும்” என்றாள் பெண் கேட்டு வந்த முகர்ரம்.

ஹுல்கார் கிண்ணத்தில் பாதியளவு தேநீர் ஊற்றிக்கொண்டிருந்தாள். விருந்தாளிக்குக் கிண்ணத்தை நிறைத்துக் கொடுத்தால் எழுந்து போ என்று அர்த்தம். நிறைத்துவிடலாமா என்று ஒரு கணம் நினைத்தாள். நினைத்ததோடு சரி.

உஸ்பெகிஸ்தானின் நமங்கான் நகரில் அவள் படித்த பள்ளியில், மாலையில் நடக்கும் உயர் இயற்கணிதச் சிறப்பு வகுப்புக்கு வந்த ஒரே பெண் அவள். முகர்ரமின் மகன் தோனியோருக்கும் அதே வகுப்புதான். மூன்றாம்படிச் சமன்பாட்டைப் பார்த்தாலே அவனுக்கு விழி பிதுங்கும். இடைவேளைகளில் உட்கார்ந்து புரியவைத்தவள் ஹுல்கார். அந்தப் பழக்கத்தில்தான் தாயிடம் அவள் பெயரைச் சொல்லியிருந்தான்.

“பல்கலைக்கழகப் பரீட்சை வரைக்குமாவது போகட்டுமே...” என்று ஹுல்காரின் அம்மா இழுத்தாள்.

“எம் பையன் போர்டு முன்னாடி முழிச்சிக்கிட்டு நிக்கிறான். அவனக் கட்டிக்கப்போறவ எந்திரிச்சுப் போயி போட்டுக் காட்டுறா. நாலு பேரு சிரிக்க மாட்டாங்க?”

அப்பா எர்கின் ரொட்டியைப் பிய்த்தபடி, “அதுவும் சரிதான். அடுப்படியில எக்ஸும் ஒய்யும் எதுக்கு?” என்றார். எல்லோரும் சிரித்தார்கள். ஹுல்காரும் சிரித்தாள். தன் சிரிப்பு அடுத்த வீட்டிலிருந்து கேட்பதுபோல அவளுக்கு இருந்தது.

மறுநாள் பள்ளி வாசலில் தோனியோர் தலையைச் சொறிந்துகொண்டு நின்றான்.

“நான் ஒண்ணும் சொல்லல. அம்மாதான்...”

“வேண்டாம்னும் சொல்லலையே.”

அவன் பையிலிருந்து நோட்டை எடுத்தான். பிறகு மெதுவாக, “அந்தக் கற்பனை எண் பாடம் மட்டும் எனக்குப் பிடிபடவே மாட்டேங்குது. ஒங்க வீட்டுக்கு வந்தா சொல்லித் தருவியா?” என்றான்.

சொல்லித் தந்தாள். நிச்சயமான பிறகு, அவள் வீட்டு முற்றத்துத் திராட்சைப் பந்தலடியில், கதவைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார முகர்ரமே அனுமதி கொடுத்தாள். அந்தக் கோடையில் அவனுக்குத் தாஷ்கண்ட் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்தது. முகர்ரம் தெருவுக்கே புலாவ் போட்டாள். “எம் பையன் மூளை அப்பிடி!” என்று தட்டுக்குத் தட்டு சொன்னாள். தட்டுகளை ஏந்திக் கொடுத்தவர்களில் ஹுல்காரும் ஒருத்தி. அவளுக்காக யாரும் விண்ணப்பம் போடவில்லை.

கல்யாணம் முடிந்தது. அவன் தாஷ்கண்டுக்குப் போனான். அவள் மாமியார் வீட்டில் தங்கினாள். மற்றவர்கள் எழும்முன் முற்றத்தைப் பெருக்கினாள். வந்தவர்களுக்கெல்லாம் குனிந்து சலாம் சொன்னாள். மாவு பிசைந்தாள். மாமியார் சாப்பிட்டு முடித்த பிறகே ரொட்டியைத் தொட்டாள். கணக்கு நினைவுக்கு வந்தபோதும் வலிக்கவில்லை. மரத்துப்போன காலை அழுத்திப் பார்ப்பதுபோல எப்போதாவது நினைத்துப் பார்ப்பாள். அவ்வளவுதான்.

பனி கொட்டும் நாளில் தோனியோர் பெட்டியோடு திரும்பி வந்தான். இயற்கணிதத்தில் தோற்றிருந்தான். வசந்தத்துக்குள் மறுபடி எழுதித் தேறாவிட்டால் இடம் போய்விடும்.

“இவ கால் வச்ச நேரம்!” முகர்ரம் கரண்டியை வீசினாள். “பள்ளிக்கூடத்துல சிங்கமா இருந்த புள்ள!”

ஹுல்கார் கரண்டியை எடுத்துக் கழுவினாள். “அங்கயும் அவருக்குத் தெரியாதும்மா. எனக்குத்தான் தெரியும்” என்றாள். கோபமே இல்லாத குரல். உப்பு எங்கே இருக்கிறது என்று சொல்வதுபோல இருந்தது.

முகர்ரம் அவள் பக்கம் திரும்பி, “அப்ப உக்காந்து சொல்லிக் குடு” என்றாள்.

“குடுக்கிறேன். கோடையில நானும் பரீட்சை எழுதுறேன்.”

“என்னடி, பேரம் பேசுறியா?”

“ஆமாம்மா.”

முகர்ரம் ஒத்துக்கொள்ளவில்லை; தோனியோரும் அம்மாவை வற்புறுத்தவில்லை. பாடம் நடக்கவில்லை. அடுத்து வந்த நாட்களிலும் நடக்கவில்லை.

கடைசியில் முகர்ரம் தலைத்துணியை இறுக்கிக் கட்டிக்கொண்டு, பழைய கணக்கு வாத்தியார் ரவ்ஷானைத் தேடிப் போனாள். சீக்கிரமே திரும்பி வந்து, செருப்பைக் கழற்றாமலே முற்றத்தில் உட்கார்ந்தாள்.

“என்ன சொன்னாரு?” என்றான் தோனியோர்.

“என்னத்தச் சொன்னாரு! ‘நடத்துனது நான்தான். ஆனா ஒங்க பையனுக்குப் புரியவச்சது அந்தப் பொண்ணு. அவள வீட்டுல வச்சுக்கிட்டு எங்கிட்ட ஏன் வந்தீங்க’ன்னு கேக்குறாரு. அங்க இருந்த பசங்கெல்லாம் சிரிக்கிறானுங்க.”

நாலு பேர் சிரிக்கக் கூடாது என்றுதான் அவள் வகுப்பை நிறுத்தச் சொல்லியிருந்தாள்.

ஹுல்கார் அடுப்பிலிருந்து ரொட்டியை எடுத்துக்கொண்டிருந்தாள். செருப்பைக் கழற்றிக்கொண்டே, அவள் முகத்தைப் பார்க்காமல் மாமியார் கேட்டாள்:

“அந்தப் பரீட்சை எந்த மாசம்?”

“ஜூலை.”

சந்தோஷம் வருமா என்று ஹுல்கார் காத்திருந்தாள். வரவில்லை. பசித்தது. சூடான ரொட்டியைப் பிய்த்து, மாமியாருக்கு முன்னால், நின்றபடியே தின்றாள்.