லிஃப்ஷிட்ஸ் வீட்டுத் தரை

டொப்ஷாவா ஊர்ச் சதுக்கத்தின் ஒன்பதாம் எண் வீட்டில், முதல் மாடிப் பெரிய அறையின் ஓக் மரத் தரை, 1999ஆம் ஆண்டு மே மாதம் தன்மேல் நிற்பவர்களைக் காட்டுவதை நிறுத்திவிட்டு, முன்பு நின்றவர்களைக் காட்டத் தொடங்கியது. அந்த வருடம் மழை குறைவு. உருளைக்கிழங்கு சிறுத்துப்போயிருந்தது. ரொட்டி விலை இரண்டு முறை ஏறியது.

தரையின் மாற்றத்தை முதலில் கண்டவள் ரெகீனா ஸோபோல். அந்த வீடு நகர அருங்காட்சியகமாகி முப்பத்துமூன்று ஆண்டுகள் ஆகியிருந்தன. அதில் இருபத்தாறு ஆண்டுகள் அவள் வாசலில் உட்கார்ந்து செருப்புக் கொடுத்தவள். பார்க்க வருகிறவர் தம் காலணிக்கு மேலேயே பெரிய கம்பளிச் செருப்பை மாட்டி, நாடாவைக் கணுக்காலில் கட்டிக்கொண்டு, காலைத் தூக்காமல் இழுத்து இழுத்து நடக்க வேண்டும் என்பது அந்த நாட்டு அருங்காட்சியகங்களின் பழைய விதி. தரை அழுக்காகாது, பளபளப்பும் ஏறும். மெழுகு தேய்க்கத் தனியாக ஆள் வேண்டாம், பார்க்க வந்தவர்களே தேய்த்துவிட்டுப் போவார்கள். அப்படி லட்சக்கணக்கான கால்கள் தேய்த்த தரை, லோட்ஸ் நகரத்து ஆசிரியர்கள் சிலர் அதன்மேல் வழுக்கிச் சென்ற ஒரு செவ்வாய்க்கிழமை, அவர்களுடைய நரைத்த தலைகளுக்குப் பதிலாக ஒரு மணப்பெண்ணைக் காட்டியது. குளத்து நீரில் தெரிவதைப் போல, உள்ளங்காலோடு உள்ளங்கால் ஒட்டி, தலைகீழாக அவள் நின்றாள். மணமகன் பேனாவை உதறி உதறிக் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தான். அருங்காட்சியகமாகும் முன் அந்த வீடு திருமணப் பதிவு அலுவலகமாக இருந்தது. தரை காட்டியது 1965ஆம் ஆண்டை.

இயக்குநர் கவ்ரோன் வந்து குந்தி உட்கார்ந்து பார்த்தார். எழுந்து முழங்காலைத் தட்டிவிட்டுக்கொண்டார். ஆண்டறிக்கையில் "தரை: நல்ல நிலையில் உள்ளது" என்று எழுதினார்.

அந்தக் கோடையில் ஊரில் பாதிப் பேர் தங்கள் கல்யாணத்தைப் பார்க்க வந்தார்கள். விவாகரத்தானவர்கள் தனித்தனி நாட்களில் வந்தார்கள். மருந்துக்கடை ஸெலினா தன் பெற்றோர் கையெழுத்திட்டதைப் பார்த்துவிட்டுச் செருப்பைக் கழற்றிக்கொண்டே, "எங்கம்மா அன்னிக்கே அழுதிருக்கா பாருங்க. சந்தோஷத்துல அழுதேன்னு சாகிற வரைக்கும் எங்கிட்ட கதை விட்டா" என்றாள். தரையில் ஒவ்வொரு நாளும் காலையிலிருந்து மாலைக்கு ஒழுங்காகவே ஓடியது, ஆனால் நாட்கள் பின்னோக்கி அடுக்கப்பட்டிருந்தன. தரை தேயத் தேய இன்னும் பழைய நாள் மேலே வந்தது. 1960 வந்தது, 1955 வந்தது. அதற்கும் கீழே, பதிவு அலுவலகத்துக்கு முன் அங்கே இருந்த விவசாயக் கூட்டுறவின் எழுத்தர்கள் காதில் பென்சிலைச் செருகிக்கொண்டு கொட்டாவி விட்டார்கள்.

செய்தி பரவிப் பேருந்துகள் வந்தன. அதுவரை டொப்ஷாவாவுக்கு வருகிறவர்கள் சாய்ந்த மணிக்கூண்டையும் உப்புக் கிடங்கையும் பார்த்து, ஒரு மணி நேரத்தில் ஐஸ்கிரீமைக் கையில் பிடித்தபடி கிளம்பிவிடுவார்கள். இப்போது இரவு தங்கினார்கள். வீட்டுக்கு வீடு வாடகை அறைகள் முளைத்தன. மேயர் லிசோவ்ஸ்கி நெடுஞ்சாலையில் அம்புக்குறிப் பலகை வைத்தார். பள்ளிக்கூடக் கணக்கு வாத்தியார் ஒருவர், பன்னிரண்டாயிரம் பேர் தேய்த்தால் ஓர் ஆண்டு கரைகிறது என்று கண்டுபிடித்துச் சொன்னார். அவர் சொன்ன அன்று எல்லோரும் கைதட்டினார்கள். வீட்டுக்குப் போய், எந்த ஆண்டு எப்போது மேலே வரும் என்று ஒவ்வொருவரும் தனியாக ஒரு கழித்தல் போட்டுப் பார்த்தார்கள். மறுநாள் அதைப் பற்றி யாரும் பேசவில்லை.

2003 குளிர்காலத்தில் தரை 1945ஐ எட்டியது. ருஷ்யச் சிப்பாய்கள் அறைக்குள்ளேயே குதிரைகளைக் கட்டியிருந்தார்கள். சுற்றுலாப் பயணிகள் ரசித்தார்கள், ஆனால் ஊர்க் கிழவர்கள் வருவதை நிறுத்தினார்கள். பிறகு அவர்களுடைய பிள்ளைகள் நிறுத்தினார்கள். பழுதுபார்ப்பதற்காக அறையை மூட வேண்டும் என்று மேயருக்கு ஒரு மனு போயிற்று. நூற்றுப் பதினொரு கையெழுத்துகள். எதில் பழுது என்று மனுவில் ஒரு வரியும் இல்லை. கோடைக்கான அறைகள் அத்தனையும் முன்பதிவாகிவிட்டதால் மேயர் மனுவை மேசைக்குள் வைத்துப் பூட்டினார்.

ரெகீனா கல்யாணம் செய்துகொள்ளவில்லை. தன் தாய் கெனோவெஃபாவோடு ஆலைத் தெருவில் இரண்டு அறை வீட்டில் இருந்தாள். தாய்க்கு எழுபத்தொன்பது வயது, கால்கள் நின்றுபோயிருந்தன, நாக்கு நிற்கவில்லை. அந்த வீட்டு ஜன்னலோரம் காலால் மிதித்து ஓட்டும் தையல் இயந்திரம் ஒன்று இருந்தது. கெனோவெஃபா பதினைந்து வயதில் ஒன்பதாம் எண் வீட்டுக்கு வேலைக்காரியாகப் போனவள். அது அப்போது மரவியாபாரி கெர்ஷோன் லிஃப்ஷிட்ஸின் வீடு. 1942 அக்டோபரில் ஜெர்மானியர்கள் ஊரின் யூதர்களைச் சதுக்கத்தில் நிறுத்தி, ரயிலடிக்கு நடத்திச் சென்றார்கள். அதற்கு முதல் நாள் லிஃப்ஷிட்ஸின் மனைவி, "நீ வச்சுக்கோ கெனியா, நீ எனக்குப் பொண்ணு மாதிரி" என்று இயந்திரத்தைத் தன் கையாலேயே கொடுத்தாள் என்பதுதான் ரெகீனா குழந்தையிலிருந்து கேட்டு வளர்ந்த கதை. தாலாட்டை விட அதிகமாக அதைத்தான் கேட்டிருந்தாள். சிறுமியாகத் தேவாலயத்தில் முதல் நற்கருணை வாங்கிய நாளில் அவள் போட்ட புதுநன்மை உடை அந்த இயந்திரத்தில் தைத்தது. கதையும் உடையும் அவளுக்கு ஒன்றுதான், இரண்டும் வெள்ளை.

"அந்த ரூமப் பூட்டச் சொல்லுடி உங்க டைரக்டர" என்றாள் தாய், ஈஸ்டர் முடிந்த ஒரு மதியம்.

"ஏம்மா? அவங்க மிஷின உன் கையில கொடுக்கிறத ஊரே பார்க்கட்டுமே. உனக்குப் பெருமைதானே."

"பெருமை! கிழவிக்குப் பெருமை வேற கேக்குதா. சூப்புல உப்பில்ல, அதப் பாரு முதல்ல."

ரெகீனா உப்புப் போட்டாள்.  அவளுக்கு வேண்டியிருந்தது ஒன்றே ஒன்றுதான்: அந்தக் கொடுக்கும் கையைப் பார்க்க வேண்டும். தினமும் வாசலில் செருப்புகளை அடுக்கும்போது அவள் மனம் அந்த ஒரு கையைச் சுற்றியே இருந்தது. மதிய இடைவேளையில், யாரும் இல்லாதபோது, தானும் ஒரு ஜோடியைக் கட்டிக்கொண்டு அறையில் மேலும் கீழும் இழுத்து நடந்தாள். அவள் பங்குக்குச் சில வாரங்களாவது கரைந்திருக்கும்.

அந்த வசந்தம் முழுவதும் தரை வெற்று அறையைக் காட்டியது. சுவரில் கடிகாரம் இருந்த இடம், கண்ணாடி இருந்த இடம், எல்லாம் வெளுத்த சதுரங்கள். பயணிகள் சலித்துக்கொண்டார்கள். ஊர் மூச்சு விட்டது. அறை எப்போதுமே காலியாகத்தான் இருந்தது என்று சிலர் சொல்லவும் ஆரம்பித்தார்கள். அந்தத் தைரியத்தில்தான், ஜூன் மாதத்தில் தேவாலயத்து நற்கருணைப் பவனி முடிந்ததும், ஊரார் நல்ல உடைகளோடும் கையில் பூச்செடிக் கிளைகளோடும் பழைய வழக்கப்படி அருங்காட்சியகத்துக்குள் வந்தார்கள். மேயர் வந்தார். ஸெலினா வந்தாள். வார்சாவிலிருந்து வந்த ஒரு பேருந்துக் கூட்டமும் நடுவில் இருந்தது. ரெகீனா எல்லோருக்கும் செருப்புக் கொடுத்தாள். பெரிய அறையில் எண்பது பேர் நின்றார்கள்.

காலடியில் ஒரு மேசை தெரிந்தது. ஐந்து தட்டுகளில் சூப்பிலிருந்து ஆவி எழுந்துகொண்டிருந்தது. நாற்காலிகள் கவிழ்ந்து கிடந்தன. சாப்பிட ஒருவரும் இல்லை. தரைக்குள் கதவு திறந்து அந்தக் காலத்து ஊரார் நுழைந்தார்கள்.

"ஐயோ, எங்க கடிகாரம்!" என்று ஸெலினா மகிழ்ச்சியில் கூவினாள். "பித்தளைச் சேவல் வச்சது! பாருங்க, அப்ப அதுக்கு ரெண்டு சேவல் இருந்திருக்கு!"

"அந்தக் கண்ணாடி நம்ம ஹால்ல மாட்டியிருக்கிறது" என்றார் மேயர், மனைவியின் தோளைத் தொட்டு. "மூலையில அந்தக் கீறலப் பார்த்தியா?"

"நம்ம பீங்கான்!" "நம்ம வெள்ளி விளக்கு!" "தாத்தாவோட கோட்டு!" என்று நாலா பக்கமும் விரல்கள் கீழே நீண்டன. தொலைந்த உறவினரை ரயிலடியில் கண்டவர்களைப் போல ஒவ்வொருவரும் தம் வீட்டுச் சாமானைப் பெயர் சொல்லி அழைத்தார்கள். யாரும் தம் பாட்டன் முகத்தை முதலில் பார்க்கவில்லை. சாமானைத்தான் பார்த்தார்கள், வாய்விட்டுச் சொல்லியும் ஆயிற்று. வார்சாக் கூட்டத்தில் வெயில் தொப்பி போட்ட ஒரு பெண்மணி, உண்மையாகவே தெரிந்துகொள்ளும் ஆவலில், "அப்போ உங்க வீட்டுக்கு அது எப்படி வந்துச்சு?" என்று ஸெலினாவைக் கேட்டாள்.

"ஏலத்துல எடுத்தது" என்றாள் ஸெலினா. அவள் கால்களுக்குக் கீழே, அவளுடைய பாட்டி கடிகாரத்தைத் தலையணை உறைக்குள் திணித்துக்கொண்டிருந்தாள்.

அதற்குப் பிறகு எண்பது பேர் செருப்பை இழுத்து வெளியே போகும் சத்தம் மட்டும், யாரோ நெடுநேரம் மூச்சை இழுப்பதைப் போலக் கேட்டது.

ரெகீனா அசையவில்லை. ஜன்னல் பக்கத்தில் பதினேழு வயதுப் பெண் ஒருத்தி தையல் இயந்திரத்தின் முன் உட்கார்ந்திருந்தாள். கொடுக்கும் கை எங்கும் இல்லை. ஊசிக்கடியில் ஒரு சிறு குழந்தையின் சாம்பல் நிறச் சட்டை பாதி தைத்தபடி இருந்தது. அந்தப் பெண் நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். சட்டையை உருவித் தரையில் போட்டாள். பின்பு தன் கைக்குட்டையை ஊசிக்கடியில் வைத்து, மிதிபலகையை அழுத்தி, ஒரு விரல் நீளத்துக்குத் தைத்துப் பார்த்தாள். தையல் நேராக வந்திருக்க வேண்டும். அவள் புன்னகைத்தாள். அடுத்து, மேசையில் ஆவி பறந்த சூப்பில் ஒரு தட்டை எடுத்து, நின்றபடியே குடித்தாள்.

"சூப்பையுமா?" என்று கேட்டாள் ரெகீனா, வீட்டுக்குப் போனதும். 

தாய்க்குப் புரிந்தது. ஜன்னலைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "ஆறிப் போயிருக்கும்டி. ரெண்டு நாளா நான் ஒண்ணும் சாப்பிடல."

"அவங்க கொடுத்ததா சொன்னியே."

"கொடுத்திருப்பா. நேரம் இருந்திருந்தா எனக்குத்தான் கொடுத்திருப்பா. நான் எடுக்கலன்னா ஸெலினாவோட பாட்டி, அந்த மருந்துக்கடைக்காரி எடுத்திருப்பா. அவ தைக்கக்கூடத் தெரியாதவ." பிறகு, "உன் புதுநன்மைக்கு எப்படி இருந்துச்சு உன் கவுனு. சாமியாரே கேட்டாரு, யார் தைச்சதுன்னு" என்றாள்.

அந்த ஒரு நாள் மட்டும் தேய மறுத்தது. மரத்தில் விழுந்த கணுவைப் போல அது கெட்டியாக இருந்தது. காலை பத்து மணிக்குக் கதவு திறந்தால் சூப்பு ஆவி விட்டது, மூடும்வரை ஊரார் சுமந்துகொண்டு போனார்கள். மறுநாளும் அதுவே. நகரசபை பள்ளிப் பிள்ளைகளை இலவசமாக வரவழைத்தது. தீயணைப்புப் படை செருப்புக் கட்டி மூன்று நாள் தேய்த்தது. பித்தளை வாத்தியக் குழு வாசித்துக்கொண்டே தேய்த்தது. பதினொரு வாரம் ஆயிற்று. ஆகஸ்ட் கடைசியில் ஒரு காலை, மேசையைச் சுற்றி லிஃப்ஷிட்ஸும் மனைவியும் மூன்று குழந்தைகளும் உட்கார்ந்து பீட்ரூட் சூப் குடித்துக்கொண்டிருந்தார்கள். மேயர் அன்று மதியம் சதுக்கத்தில் எல்லோருக்கும் பீர் வாங்கிக் கொடுத்தார். பயணிகளுக்கு அந்தக் குடும்பத்தை மிகவும் பிடித்துப்போயிற்று, குறிப்பாகக் கடைக்குட்டியை. அவள் படம் போட்ட, குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டும் காந்த வில்லைகள் விற்றன.

செப்டம்பரில் ரெகீனா இயந்திரத்தைக் கைவண்டியில் ஏற்றிச் சதுக்கத்தின் வழியாகத் தள்ளிக்கொண்டு போனாள். தாய் தடுக்கவில்லை, எண்ணெய் பாட்டிலையும் எடுத்துப் போகச் சொன்னாள். தரையில் அது தெரிந்த அதே இடத்தில் ரெகீனா இயந்திரத்தை நிறுத்தினாள். ஓர் அட்டையில் தன் கையால் எழுதி அதன்மேல் வைத்தாள்: "இந்த அறையிலிருந்து 1942 அக்டோபரில் எடுத்துப்போனது. எடுத்தவர் கெனோவெஃபா ஸோபோல். அவர் மகள் திருப்பி வைத்தது." இதற்காகத்தான் அவள் பதினொரு வாரம் தூங்காமல் இருந்தாள்.

கவ்ரோன் அட்டையை இரண்டு முறை படித்தார். "ரெகீனாம்மா, நல்ல மனசு உங்களுக்கு. ஆனா இவ்வளவு நீளமா எழுதினா யார் நின்னு படிப்பாங்க?" என்றார். மறுநாள் பித்தளைத் தகடு பதிந்திருந்தது: "தையல் இயந்திரம். கெனோவெஃபா ஸோபோல் அவர்களின் நன்கொடை." ரெகீனா தன் அட்டையைத் தகட்டின் மேல் ஒட்டினாள். எடுத்துவிட்டார்கள். மறுபடி ஒட்டினாள். ஏழாம் முறை அவளைச் செருப்பு வேலையிலிருந்து டிக்கெட் கொடுக்கும் கூண்டுக்கு மாற்றினார்கள். கெனோவெஃபா கேள்விப்பட்டு, சக்கர நாற்காலியில் தன்னைத் தள்ளிக்கொண்டு போகச் சொன்னாள். தகட்டை எழுத்துக்கூட்டிப் படித்தாள்.

"சரியாத்தான் எழுதியிருக்காங்க" என்றாள். நவம்பரில் இறந்தாள். அடக்கத்துக்கு நகரசபை மலர்வளையம் அனுப்பியது.

தகட்டின் அழகைப் பார்த்து மற்றவர்களும் வந்தார்கள். ஸெலினா கடிகாரத்தைக் கொடுத்தாள். மேயர் கண்ணாடியைக் கொடுத்து, பக்கத்தில் நின்று படமெடுத்துக்கொண்டார். பீங்கான், விளக்கு, மேசை, ஐந்து நாற்காலிகள் என்று இரண்டு ஆண்டுக்குள் அறை நிறைந்தது. ஒவ்வொன்றிலும் கொடுத்தவர் பெயர் இருக்கிறது. லிஃப்ஷிட்ஸ் பெயர் எதிலும் இல்லை. இவ்வளவு தாராளமான மக்களை வேறெங்கும் கண்டதில்லை என்று பார்வையாளர் குறிப்பேட்டில் பலர் எழுதியிருக்கிறார்கள். சாமான்களால் தரை பெரும்பாலும் மறைந்துவிட்டது. நடக்க ஒரு பாதை மட்டும் உண்டு. அதில் இப்போது 1931 ஓடுகிறது.

பிற்பகல் மூன்று மணிக்கு, கீழே தரைக்குள் லிஃப்ஷிட்ஸின் மனைவி தைக்க உட்காருகிறாள். மேலே, அவள் காலுக்கு நேராக, இயந்திரத்தின் மிதிபலகையும் சேர்ந்து ஏறி இறங்குகிறது, சக்கரம் சுற்றுகிறது, ஊசி வெறும் பலகையைக் குத்துகிறது. முதலில் கவ்ரோன் சக்கரத்தின் வார்ப்பட்டையைக் கழற்றிப் பார்த்தார். அப்படியும் நிற்கவில்லை. டிக்கெட் கூண்டில் ரெகீனாவுக்கு அந்தச் சத்தம் கேட்கும். அவள் மூன்று மணிக்குப் பேசுவதில்லை, விரலால் வழியைக் காட்டுவாள். கிறீச்சிடுகிறது என்று பயணிகள் குறை சொன்னதால், மாதம் ஒருமுறை அதற்கு எண்ணெய் விடுகிறார்கள்.