படகுக்காரனுக்கு முழங்கால் வலி

1

இந்தக் கதை ஒரு தொலைக்காட்சிக் கடையில் தொடங்கியது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். துக்கத்தில் தொடங்கியது என்று சொன்னால் இன்னும் கௌரவமாக இருந்திருக்கும். ஆனால் நடந்தது இதுதான். வீட்டிலிருந்த பழைய பெட்டி புகைந்து நின்றுவிட, புதியது வாங்கப் போனவளிடம் விற்பனையாளர் பெருமையாகச் சொன்னார்: "இதுல படத்தோட ஓரம் வெட்டாது மேடம். அடிவரைக்கும் முழுசாத் தெரியும்."

அவள் மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை செய்கிறவள். வருகிறவர்களை அட்டைக்கு முன்னால் உட்காரவைத்து, "கடைசி வரி தெரியுதா?" என்று நாள் முழுக்கக் கேட்பவள். அப்படிப்பட்டவளுக்கு, படத்தின் அடி முழுசாகத் தெரியும் என்று கேட்டதும் அழுகை வந்துவிட்டது. விற்பனையாளர் பயந்துபோய் உத்தரவாதத்தை இன்னொரு வருடம் நீட்டித்துக் கொடுத்தார்.

ஏன் அழுதாள் என்பதுதான் கதை.

('நான்' என்று எழுதிய வரைவு இரண்டாவது பத்தியைத் தாண்டவில்லை. அவளைக் கொஞ்சம் தள்ளி உட்கார வைத்தால்தான் வாய் திறக்கிறாள். ஆகவே 'அவள்'.)

2

தொடக்கங்கள் சிலவற்றை எழுதிப் பார்த்தேன்.

"மலைகளுக்கு அப்பால், மழை ஓயாத நாடு ஒன்றில், பெயரில்லாத வழிப்போக்கன் ஒருவன் கண் விழித்து—"

இது இந்தக் கதையில் வரும் வீடியோ விளையாட்டின் தொடக்கம், என்னுடையது அல்ல. விட்டுவிட்டேன்.

"அண்ணன் இறந்த பிறகு அந்த வீட்டில் யாரும்—"

இப்படித் தொடங்கும் கதைகளை நானே பாதியில் மூடி வைத்திருக்கிறேன்.

"அப்பா பகலில் தூங்குவார்."

இது பரவாயில்லை. இதைப் பிடித்துக்கொண்டு போகலாம்.

3

அப்பா பகலில் தூங்குவார். ரொட்டி ஆலையில் அவருக்கு இரவு வேலை. விடிந்தபின் புருவத்தில் மாவோடு வருவார். குளித்தபிறகும் காதுமடலில் கொஞ்சம் மிச்சம் இருக்கும். வீடு என்பது ஒரு நீள அறை, குறுக்கே ஒரு திரைச்சீலை. சீலைக்கு அந்தப் பக்கம் அப்பாவின் கட்டில். இந்தப் பக்கம் தொலைக்காட்சியும், அண்ணன் யாரிடமோ கைமாற்றாக வாங்கிவந்த விளையாட்டுப் பெட்டியும், அண்ணனும், தங்கையும்.*

*அம்மா எங்கே என்று கேட்பீர்கள். வெகு முன்பே போய்விட்டாள். அவளுக்குத் தனியாக ஒரு கதை வேண்டும். இதில் ஓரமாக நிற்கவைத்தால் கோபித்துக்கொள்வாள்.

பள்ளி விட்டு வந்தால் அப்பா எழும்வரை விளையாடலாம். ஒரே நிபந்தனை, சத்தம் கூடாது. ஆகவே ஒலி பூஜ்ஜியத்தில் இருக்கும்.

அந்த விளையாட்டின் பெயரை இருவரும் ஒருநாளும் சொன்னதில்லை. "அங்கே போலாமா?" என்பார்கள், அவ்வளவுதான். அங்கே எங்கு வேண்டுமானாலும் போகலாம். தூரத்தில் தெரியும் மலை வெறும் ஓவியம் இல்லை. நடக்க நடக்க நிஜமாகவே அருகில் வரும். உச்சியில் ஏறி நின்றால் அந்தப் பக்கம் ஒரு சமவெளி, அதில் மேயும் நீலநிற மிருகங்கள், அதற்கும் அப்பால் மணிக்கூண்டுகள் மட்டும் தண்ணீருக்கு மேலே நிற்கும் மூழ்கிப்போன நகரம். எழுந்து நடந்தால் தரை கிரீச்சிட்டு அப்பா விழித்துவிடுவாரே என்று கால் மரத்துப்போக உட்கார்ந்திருந்த இருவருக்கு, அத்தனை பெரிய நாடு.

ஆனால் ஒரு சிக்கல். அந்த நாட்டு மனிதர்கள் பேசுவது திரையின் அடியில் எழுத்தாகவும் ஓடும். பழைய பெட்டியில் படத்தின் அடி சட்டத்துக்குள் போய் மறைந்துவிடும். காதாலும் கேட்க முடியாது, கண்ணாலும் படிக்க முடியாது. எல்லாரும் வாயை மட்டும் அசைத்தார்கள்.

அவர்களுக்காக அண்ணன் பேசினான். கிசுகிசுப்பாக, அவள் காதோடு.

"அந்த ஆட்டுக்காரி என்ன சொல்றா?"

"ஓநாய் வந்து ஆட்டைத் தூக்கிட்டுப் போயிடுச்சாம். ஆனா ஓநாய் மேல தப்பு இல்லையாம். அந்த ஆடு ரொம்ப வாய் பேசுமாம்."

"பொய் சொல்ற."

"வேணும்னா நீயே கேளு. உன்கிட்ட சொல்ல மாட்டா. உன் மூஞ்சி அவளுக்குப் பிடிக்கலையாம்."

அவர்களுடைய குதிரைக்குப் பெயர் சித்தப்பா. கூப்பிட்டால் வராது, வழிப்போக்கன் தீ மூட்டிச் சமைக்க உட்கார்ந்தால் எங்கிருந்தாவது வந்து நிற்கும்.

எல்லாரையும்விட அவளுக்குப் பிடித்தவன் படகுக்காரன். அகன்ற ஆறு ஒன்றின் கரையில் அவன் காத்திருப்பான். அவன் படகில் ஏறி அக்கரைக்குப் போனால் கதை முடிந்துவிடும் என்று, விளையாடி முடித்தவர்கள் சொல்லியிருந்தார்கள். பக்கத்தில் போனால் திரையின் நடுவில் ஒரு கேள்வி வரும்: ஏறலாமா, வேண்டாமா? அண்ணன் எப்போதும் 'வேண்டாம்' என்பதை அழுத்திவிட்டு, படகுக்காரனின் குரலில் முனகத் தொடங்குவான்.

"உக்காந்தா எழுந்திரிக்க முடியல. எழுந்தா உக்கார முடியல. ஒரு முழங்கால் வலிச்சா இன்னொண்ணு ஆறுதல் சொல்லணும்னுதானே ரெண்டு குடுத்தாரு கடவுள்? இங்க ரெண்டும் கட்டிப்பிடிச்சுக்கிட்டு அழுவுது. மழை வேற வருது. நாளைக்கு வாப்பா. ஆறு எங்க ஓடிப்போகப் போகுது?"

அவள் தலையணையைக் கடித்துக்கொண்டு சிரிப்பாள். படகுக்காரனுக்கு 'முழங்கால்' என்றே பெயர் நிலைத்துவிட்டது.

வளர்ந்தார்கள். அண்ணன் லிஃப்ட் மெக்கானிக் ஆனான், அவள் கண்ணாடிக் கடைக்குப் போனாள். அப்பா ஓய்வு பெற்றார். ஆனால் இரவில் தூங்க அவர் உடம்புக்கு அப்போதும் தெரியவில்லை. பகல் தூக்கம், திரைச்சீலை, பூஜ்ஜியத்தில் ஒலி எல்லாம் அப்படியே தொடர்ந்தன. விடுமுறை மதியங்களில் இரண்டு பெரிய மனிதர்கள் தரையில் உட்கார்ந்து கிசுகிசுத்தார்கள். கல்யாணப் பேச்சு எடுத்தால்கூட அண்ணன் முழங்காலின் குரலில்தான் பதில் சொல்வான்: "நாளைக்கு வாப்பா."

4

இந்த அண்ணனை என்னாலேயே நம்ப முடியவில்லை.

இறந்தவர்களை எழுதும்போது கை தானாகத் துடைத்து மெருகேற்றுகிறது. ஆகவே சிலவற்றைச் சேர்க்கிறேன். குடித்த டம்ளரை அவன் கழுவியதில்லை. காதில் கிசுகிசுக்கும்போது எச்சில் தெறிக்கும். மூலிகை பறிப்பது, வெறும் சமவெளியில் நெடுந்தூரம் நடப்பது போன்ற சலிப்பான வேலையெல்லாம் தங்கைக்கு. சண்டை என்று வந்தால் கன்ட்ரோலரைப் பிடுங்கிக்கொள்வான். "நீ அதப் புடிச்சிருக்கறது ஈரத்துணி பிழியற மாதிரி இருக்கு" என்பான். அவள் ஆசைப்பட்டுத் தேடியெடுத்த நீல அங்கியை ஒரு கோடாரிக்காக விற்றான். அவள் பேச மறுத்தபோது, ஆட்டுக்காரியின் குரலில் மன்னிப்புக் கேட்டான்.

(கடைசி வாக்கியத்தில் மறுபடியும் நல்லவனாகிவிட்டான். என்ன செய்வது, அவன் அப்படித்தான் தப்பிப்பான்.)

5

அண்ணன் இறந்தான்.

(இந்த வாக்கியத்தைக் கதையின் பல இடங்களில் வைத்துப் பார்த்தேன். எங்கே வைத்தாலும் அடுத்து வருவது தடுக்கி விழுகிறது. இங்கேயே இருக்கட்டும்.)

எத்தனையோ மாடிகளில், இருண்ட குழிகளின் மேல் தொங்கி வேலை பார்த்தவன். சாதாரணமான ஒரு காலையில், கண்ணாடி முன் நின்று சட்டைப் பித்தான் போட்டுக்கொண்டிருந்தபோது இதயம் நின்றுவிட்டது.

அதன்பின் அப்பா தூங்கவில்லை. இரவில் அவருக்கு எப்போதுமே தூக்கம் கிடையாது. இப்போது பகலும் போயிற்று. மாத்திரை கொடுத்தார்கள். தலை சுற்றியதே தவிரத் தூக்கம் வரவில்லை. சட்டை தோளிலிருந்து வழிய ஆரம்பித்தது. "இப்படியே போனா உடம்பு தாங்காதும்மா, எப்படியாவது அவரைத் தூங்கவைங்க" என்றார் மருத்துவர். அவள் வீட்டை இன்னும் அமைதியாக்கினாள். குழாயைச் சொட்டவிடாமல் துணி கட்டினாள். சுவர்க்கடிகாரத்தைக் கழற்றிச் சமையலறையில் வைத்தாள்.

ஒரு மதியம் சீலையை விலக்கினால், அப்பா கட்டிலில் உட்கார்ந்திருக்கிறார்.

"என்னப்பா, ஏதாவது சத்தம் கேக்குதா?"

"எங்க கேக்குது? அதான் தூக்கம் வரல."

அவளுக்குப் புரியவில்லை.

"அவன் பேசிக்கிட்டே இருப்பான்ல, குசுகுசுன்னு. அதக் கேட்டுக்கிட்டேதான் தூங்குவேன். ஆட்டுக்காரி வந்தா பாதியிலயே கண்ணு சொருகிடும். முழங்கால் வந்தா மட்டும் முழிச்சிருந்து முழுசாக் கேப்பேன்."

"உங்களுக்கு முழங்காலைத் தெரியுமா?"

"ஏன், உங்க ரெண்டு பேருக்கு மட்டுந்தான் தெரியணுமா?" பிறகு கொஞ்சம் தயங்கி, "அவன் அக்கரைக்குப் போனானா இல்லையா?" என்றார்.

(இத்தனை காலம் ஒரு மனிதர் வாயைத் திறக்காமல் கேட்டுக்கொண்டிருந்தார் என்பதை வாசகர் நம்புவாரா? நம்பாவிட்டால், நீங்கள் என் அப்பாவைப் பார்த்ததில்லை. மன்னிக்கவும், அவளுடைய அப்பாவை.)

அன்றைக்கே அவள் பழைய தொலைக்காட்சியைப் போட்டாள். அதுதான் புகைந்தது. கடைக்குப் போனாள். மிச்சம் உங்களுக்குத் தெரியும். இனி எல்லாம் அடிவரை தெரியும்; அண்ணன் பேசவேண்டிய அவசியமே இல்லை.

6

புதிய திரை. ஒலி பூஜ்ஜியம். அண்ணன் விட்ட இடத்திலேயே வழிப்போக்கன் நிற்கிறான்: ஆற்றங்கரை, மழை, அணைந்த அடுப்பு, அதன் பக்கத்தில் ஏமாந்த முகத்தோடு சித்தப்பா. படகுக்காரன் வாயசைத்தான். கீழே எழுத்துகள் பளிச்சென்று வந்தன.

அவள் கிசுகிசுப்பாக, சீலைக்கு அந்தப் பக்கம் கேட்கும்படி படித்தாள். "நேரமாகிறது. ஏறு. அக்கரைக்குப் போனவர்கள்—"

அந்த வாக்கியத்தை அவள் முடிக்கவில்லை. நானும் முடிக்கப்போவதில்லை.

சீலைக்கு அந்தப் பக்கம் கட்டில் அசைந்தது. "யாரு அது?"

"படகுக்காரன்பா."

"இது அவன் இல்ல, வேற ஆளு. முழங்கால் இப்படி வெரட்ட மாட்டானே."

"இதுல இப்படித்தான்பா எழுதியிருக்கு."

"எழுதினவனுக்கு என்ன தெரியும்?"

(இது என்னைக் குறித்துச் சொன்னதல்ல என்று நம்புகிறேன்.)

அவள் எழுந்துபோய், கடையிலிருந்து கொண்டுவந்த கண்ணாடிப் பெட்டி ஒன்றின் அட்டையைக் கிழித்தாள். நீளமாக வெட்டி, ஒட்டுநாடாவால் புதிய திரையின் அடியில் ஒட்டினாள். எழுத்துகள் மறைந்தன. விற்பனையாளர் பார்த்தால் உத்தரவாதத்தைத் திரும்ப வாங்கிக்கொள்வார்.

மறுபடி உட்கார்ந்து தொண்டையைச் சரிசெய்துகொண்டாள். "உக்காந்தா... எழுந்திரிக்க முடியல..."

"பல்லுவலிக்காரன் மாதிரி இருக்கு."

"எனக்கு வரலப்பா. அவனுக்குத்தான் வரும்."

மழை மட்டும் சத்தமின்றித் திரையில் பெய்தது. பிறகு சீலைக்கு அந்தப் பக்கமிருந்து மெதுவாக ஒரு முனகல் கிளம்பியது.

"உக்காந்தா எழுந்திரிக்க முடியல. எழுந்தா உக்கார முடியல. ரெண்டும் கட்டிப்பிடிச்சுக்கிட்டு அழுவுது, பாவிப்பய முழங்கால்..."

அவள் கையிலிருந்த கன்ட்ரோலர் மடியில் விழுந்தது. அதே குரல். அதே இழுப்பு, அதே இடத்தில் மூச்சு. வேலை முடிந்து வந்து, கட்டில் விளிம்பைப் பிடித்து உட்கார்ந்து, யாருக்கும் கேட்காது என்று நினைத்து அப்பா தினமும் விடியலில் தனக்குத்தானே முனகியது. அண்ணன் அதற்கு ஒரு படகு கொடுத்திருந்தான், அவ்வளவுதான்.

"அப்பா, அது உங்க முழங்காலா?"

"பின்ன யாரோடது? படவா, என் வலிய எடுத்து ஊர் ஊரா ஒலிபரப்பிட்டான்."

"கோபம் வரலையா?"

"முதல்நாள் வந்துச்சு. எழுந்துபோய் முதுகுல ரெண்டு வைக்கலாம்னு பாத்தேன்." அவர் சாய்ந்து படுக்கும் சத்தம் கேட்டது. "எழுந்தா கதை நின்னுடும்ல."

அவள் வாயைப் பொத்திக்கொண்டாள். சிரிப்பா அழுகையா என்று நான் தீர்மானிக்கவில்லை. இரண்டுக்கும் தோள் ஒரே மாதிரிதான் குலுங்கும். பிறகு, இத்தனை காலம் ஊமையாகவே இருந்த வழிப்போக்கனுக்கு முதல்முறையாக ஒரு குரல் கொடுத்தாள். அவளுடைய சொந்தக் குரல்தான்.

"ஐயா, அக்கரைக்குப் போகணும். ஏத்திக்கிட்டுப் போவீங்களா?"



"மழை வருதே," என்றார் படகுக்காரர். கொஞ்சம் யோசித்து, "ஆட்டுக்காரி எப்படி இருக்கா? அவளப் பாத்துட்டு வாயேன்."

பார்க்கப் போனாள். சித்தப்பா வர மறுத்ததால் நடந்தே போனாள். மலை ஏறி, சமவெளி கடந்து. ஆட்டுக்காரி வாயசைத்தாள். தங்கைக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. வாய்க்கு வந்ததைச் சொன்னாள். ஓநாய் மனம் திருந்தி ஆட்டைத் திருப்பிக் கொண்டுவந்து விட்டதாம். ஆடு பேசிய பேச்சில் அதற்குக் காது வலி வந்துவிட்டதாம்.

"அப்புறம்?" என்றார் அப்பா, குழறலாக.

அவள் அப்புறத்தைச் சொன்னாள். அதற்கும் அப்புறத்தைச் சொன்னாள். அதன்பின் கேள்வி வரவில்லை. சீலைக்கு அந்தப் பக்கம் மெல்லிய குறட்டை தொடங்கியது.

7

இப்போது முடிவு வேண்டும்.

முடிவு ஒன்று: வழிப்போக்கன் படகில் ஏறுகிறான், அக்கரை நெருங்குகிறது, அங்கே ஒருவன் சட்டைப் பித்தான் போட்டபடி— இல்லை. இது அழகாக இருக்கிறது, அதனாலேயே எனக்குச் சந்தேகம்.

முடிவு இரண்டு: ஒருபோதும் ஏறுவதில்லை. தினமும் மதியம் ஆட்டுக்காரி, மூழ்கிய நகரம், நாளைக்கு வாப்பா. அப்பாவின் சட்டை மறுபடி தோளில் நிற்கிறது. இது எனக்குப் பிடிக்கிறது. ஆனால் அப்பா தூக்கம் வராமல் உட்கார்ந்திருந்த அன்று கேட்ட கேள்வி அப்படியே நிற்கிறது.

முடிவு மூன்று: ஒருநாள் மழை விடுகிறது. படகுக்காரர் தாமாகவே "சரி, ஏறு, கையப் புடிச்சுக்கோ" என்கிறார். இதை எழுதும் உரிமை என்னிடம் இல்லை. அது முழங்காலின் வசனம்.

அடுப்பில் பால் வைத்திருக்கிறது, அவள் எழுந்துபோக வேண்டும். வழிப்போக்கன் மறுபடியும் ஆற்றங்கரைக்கு வந்து நிற்கிறான். திரையின் நடுவில் அந்தக் கேள்வி. கன்ட்ரோலரைக் கொஞ்சம் பிடித்துக்கொள்ளுங்கள். எச்சில் ஈரம் இருந்தால் துடைத்துக்கொள்ளுங்கள். ஏறலாம், ஏறாமலும் இருக்கலாம். சும்மா நடந்தும் பார்க்கலாம். தூரத்து மலை நிஜமாகவே அருகில் வரும். வழியில் யாராவது வாயசைத்தால் அட்டையை மட்டும் தூக்கிப் பார்க்காதீர்கள், உங்களுக்குத் தோன்றுவதைச் சொல்லுங்கள்.

மெதுவாக. அப்பா தூங்குகிறார்.