மூன்றாவது செமஸ்டர்

கும்மிடிப்பூண்டியில் ஹெலன் வேலை செய்யும் பிளாஸ்டிக் கம்பெனியில் எந்தப் பொருளிலும் செய்தவர் பெயர் இருக்காது. ஷிப்டு முடிந்ததும் மெஷினைப் பற்றி அடுத்தவரிடம் இரண்டு வார்த்தை சொல்லிவிட்டுக் கிளம்ப வேண்டியதுதான். பாதியில் விட்டதை அவர் முடிப்பார். பொன்னேரிப் பக்கம் அவள் அம்மா நாற்று நட்டபோதும் அப்படித்தான். எந்த வரிசை யார் நட்டது என்று எவரும் கேட்டதில்லை.

அந்தப் பழக்கத்தோடுதான் எம்.எஸ்ஸி. சேர்ந்தாள். இ-காமர்ஸும் இன்டர்நெட் கம்ப்யூட்டிங்கும் சேர்ந்த படிப்பு, ஆன்லைனில். நான்கு செமஸ்டர். முதல் இரண்டும் பாடம்: நெட்வொர்க், டேட்டாபேஸ், இணையத்தில் கடை நடத்துவது, பணம் கட்டும் இடத்தில் திருட்டுப் போகாமல் காப்பது. தனியாகப் படித்து எழுதித் தேறிவிட்டாள். மூன்றாவதில் நான்கு பேர் சேர்ந்து ஓர் ஆன்லைன் கடை கட்ட வேண்டும். அதில் தேறினால்தான் நான்காவதில் ஆய்வு, பிறகு பட்டம்.

குழுவில் மற்ற மூவரும் ஐ.டி. வேலைக்காரர்கள். அவர்கள் கூடிப் பேசும் நேரமெல்லாம் ஹெலன் மெஷின் முன்னால் நிற்பாள், செல்போன் லாக்கரில் கிடக்கும். வேப்பம்பட்டு பூமிகா மட்டும் எப்போதாவது கூப்பிடுவாள். பணம் கட்டும் பகுதி ஹெலன் தலையில் விழுந்தது. முடித்து பூமிகாவுக்கு அனுப்பினாள்.

“பூமி, காலேஜ் சைட்ல நீயே ஏத்திடு. நான் ஷிப்டுக்குப் போய்க்கினு இருக்கேன்.”

“உன் லாகின்ல நீதான் ஏத்தணும்க்கா.”

“எதுல ஏத்தினா இன்னாடி? கடை ஓடணும், அவ்ளோதான்.”

கடை ஓடியது. வாய்மொழித் தேர்வில், பாடம் நடத்தும் ரம்யா மேடம் திரையில் வந்தார்.

“ஹெலன், உங்க பேர்ல ஒரு வரி கூட இல்லையே? அவங்கவங்க லாகின்ல ஏறினதுக்குத்தான் மார்க். முதல் நாளே சொன்னேனே.”

கம்பெனியில் ஒருத்தி மேல் பழி வந்தால் பக்கத்து மெஷின்காரிதான் சூப்பர்வைசரிடம் பேசுவாள். தனக்காகத் தானே பேசுவது அங்கே அசிங்கம். ஹெலன் திரையில் பூமிகாவின் முகம் இருந்த கட்டத்தைப் பார்த்தாள். பூமிகா குனிந்திருந்தாள். மைக் அணைந்தே இருந்தது.

“சரி, அடுத்து பார்த்திபன்,” என்றார் மேடம்.

பிறகு பூமிகா கூப்பிட்டாள்.

“ஏங்கா ஒண்ணுமே சொல்லலை?”

“நீ சொல்லுவேன்னு இருந்தேன்.”

“சொன்னா என் மார்க்கும் போயிடும்க்கா. உன் வேலைய என் பேர்ல ஏத்தினது தப்புதானே?”

அதுவும் உண்மைதான். ஹெலன் போனை வைத்தாள்.

தேறாதவர்களுக்கு இரண்டு வழி. அடுத்த வருடம் வேறு குழுவில் சேரலாம், இல்லையென்றால் நான்கு பேர் வேலையையும் ஒருவரே செய்யலாம். தனியாகச் செய்வதாக மேடத்திடம் சொல்லிவிட்டாள்.

ஷிப்டு மாற, அடுத்து அதே மெஷினில் நிற்கும் ஸ்டீபன் வந்தார்.

“இன்னா ஹெலன், எப்டி ஓடுது?”

“சூடு ஏறுதுண்ணா. எடது பக்கம் பீஸ் அச்சுல ஒட்டுது.”

அவர் சோதித்துப் பார்க்கவில்லை. அவள் சொன்னதே போதும்.

“நான் பாத்துக்கறேன், கெளம்பு. பரீட்சை இன்னாச்சு? பட்டம் வாங்கினா எங்களயெல்லாம் மறந்துடுவ.”

“போச்சுண்ணா. மறுபடி எழுதணும்.”

“ஏம்மா, நல்லாத்தானே படிச்சே?”

அவருக்கு லாகின் என்றால் என்ன என்பதிலிருந்து தொடங்க வேண்டும். வெளியே பஸ் ஹாரன் அடித்தது.

“அப்புறம் சொல்றேண்ணா.”

பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து செல்போனில் கல்லூரிப் பக்கத்தைத் திறந்தாள். குழுவினர் பெயருக்கு நான்கு கட்டங்கள். முதலில் தன் பெயரை அடித்தாள். காலியாக இருந்த மற்ற மூன்று கட்டங்களையும் எடுத்துவிடப் பார்த்தாள். போகவில்லை. அப்படியே விட்டுவிட்டுக் கடை கட்டும் வேலையைத் தொடங்கினாள்.