அட்டையில் எழுதிய முதல் வரி

மெஷினில் உட்கார்ந்தபடியே கண் சொருகிவிடும் அந்தத் தையல்காரி, எப்போதெல்லாம் தூங்குகிறாள் என்று குறித்துவரச் சொல்லி டாக்டர் ஒரு நோட்டுக் கொடுத்திருந்தார். அதில் இரண்டு வாரமாக அவள் புருஷனும் நாத்தனாரும் வழக்கு நடத்தியிருந்தார்கள். இந்தத் தூக்க வியாதிக்குக் காரணம் என்று இடப்பக்கமெல்லாம் புருஷன் அவள் போட்டுக்கொண்ட தடுப்பூசியைத் திட்டியிருந்தான். வலப்பக்கமெல்லாம் நாத்தனார் அதே வாரம் வந்த காய்ச்சலைத் திட்டியிருந்தாள். தூங்கிய நேரத்தை எழுத இடம் விடச் சொல்லித் தையல்காரி கெஞ்சியும் ஒருவரும் கேட்கவில்லை.

டாக்டர் கடைசிப் பக்கம்வரை புரட்டினார்.

"காய்ச்சலா இருக்கலாம். அபூர்வமா ஊசியாவும் இருக்கலாம். ரெண்டும் ஒரே வாரம்னா எதுன்னு என்னால சொல்ல முடியாது. இவங்க தூங்கின நேரம் எங்கே?"

"ஊசிதான் டாக்டர், நான் அடிச்சுச் சொல்றேன்!" என்றான் புருஷன்.

"போடா! ஊசிக்கு முந்தின நாளே உடம்பு அனலாக் கொதிச்சுது!" என்றாள் நாத்தனார்.

"நீ வந்து பார்த்தியாக்கா?"

கேட்டுக் கேட்டுப் புளித்துப்போன சண்டை. தையல்காரிக்குக் கண் சொருகியது.

விழித்தபோது இருவரும் ஊசியையும் காய்ச்சலையும் விட்டபாடில்லை. கடிகாரம் மட்டும் பத்து நிமிடம் நகர்ந்திருந்தது. டாக்டர் பேனாவைத் தையல்காரியின் பக்கம் தள்ளினார்.

உள்ளே இடமில்லை. நோட்டின் அட்டையில் அவள் அழுத்தி எழுதினாள்: "பத்து இருபது முதல் பத்தரை வரை தூங்கினேன். கூட வந்தவர்கள் கவனிக்கவில்லை."